மருமகன் வந்து இருக்க ஓர் அறை

1

கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. நகர சபையின் முத்திரை போட்ட வெள்ளை உறை. இந்த நாட்டில் பதினெட்டு வருஷம் கழிந்த பிறகும் அப்படி ஓர் உறையைக் கண்டால் முதலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் திறப்பேன். என்னை இங்கே இருக்கவிடலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த ஐந்து வருஷமும் இதே மாதிரி உறைகள்தான் வந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக் கூட்டி மூன்று தரம் வாசித்தேன். என் வீட்டுப் பின்வளவில் எழுப்பப்பட்டிருக்கும் 'மரக் கட்டடம்' பற்றி முறைப்பாடு வந்திருக்கிறதாம். அடுத்த கிழமை அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பாராம்.

அவர்கள் மரக் கட்டடம் என்று எழுதியது, என் மகள் றிஸ்னாவுக்கும் அவளைக் கலியாணம் முடிக்கப்போகும் மாப்பிள்ளைக்கும் நான் கட்டிக்கொண்டிருந்த அறையை.

சாய்ந்தமருது, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் கலியாணம் முடிந்து பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் குழந்தை பிறந்தால் தகப்பன் வளவின் எந்த மூலையில் வீடு எழுப்பலாம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவான். அவனால் முடியாவிட்டால் அவளுடைய காக்காமாரும் தம்பிமாரும் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் கூட்டிக்கொண்டு போனால், "பாவம், கேக்க ஆளில்லாத புள்ள" என்று ஊர் சொல்லும். வாப்பா உயிரோடு இருக்கும்போதே அப்படிச் சொல்லுக் கேட்ட பெண்கள் உண்டு. அந்த வாப்பாமார் பள்ளிவாசலில் பின் வரிசையில் நின்று தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியேறுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

2

நான் ஓடாவி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கையில் மரவேலை பழகியது ஜித்தாவில். கொங்கிறீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் வேலை. தூணுக்குப் பெட்டி, படிக்குப் பெட்டி, கூரைத் தட்டுக்கு அடிப்பலகை என்று அடிப்போம். கொங்கிறீட் இறுகியதும் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த மாடிக்குக் கொண்டு போவோம். நான் அடித்த பலகை எதுவும் எந்தக் கட்டடத்திலும் நிலைத்ததில்லை. அழகு பார்க்கத் தேவையில்லாத வேலை. பிசகாமல் நிற்க வேண்டும், உடையாமல் கழற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மூத்தவளாக ஒரு ராத்தாவும், இரண்டு தங்கச்சிமாரும். வாப்பா மவுத்தானபோது எனக்குப் பதினேழு வயது. ஜித்தாவில் ஏழு வருஷம், தோஹாவில் நாலு வருஷம். மூன்று வீடு எழும்பியது. கடைசித் தங்கச்சியின் வீடு கடற்கரைப் பக்கம். கடல் வந்த அன்று அது அத்திவாரத்தோடு போனது. அவளும் பிள்ளைகளும் அன்று ராத்தா வீட்டுக்குப் போயிருந்ததால் மிஞ்சினார்கள். பிறகு நான் சைப்பிரசுக்குப் போய் அவளுக்கு இன்னொரு வீடு எழுப்பினேன். அது உள்பக்கம், வயலோரம்.

இந்த வீடுகள் ஒன்றிலும் நான் ஒரு மாதம் தொடர்ந்து இருந்ததில்லை. இருக்கவும் கூடாது, அவை மச்சான்மார் வந்து இருக்கும் வீடுகள். எனக்குக் கலியாணம் ஆனபோது நான் பையோடு என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். அதுவும் அவளுடைய வாப்பா கட்டிய வீடு. அதில் இருந்ததும் கொஞ்ச நாள்தான். மறுபடி வெளிநாடு. கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தேன். இரண்டு தடவை திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், மூன்றாம் தடவை இருக்கச் சொன்னார்கள். பிறகு மனைவியும் றிஸ்னாவும் வந்து சேர்ந்தார்கள். றிஸ்னாவுக்கு அப்போது எட்டு வயது. மனைவி இங்கே ஒன்பது வருஷம் இருந்தாள். நெஞ்சில் தண்ணீர் கோத்து, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மவுத்தானாள். அவளை அடக்கிய, முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கிய மையவாடி பஸ்ஸில் நாற்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை வேலை இல்லாவிட்டால் போவேன்.

இப்போது நான் இருக்கும் இந்தச் சின்ன வீடுதான் என் பெயரில் உள்ள முதல் வீடு. அதில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. றிஸ்னா மருந்துக்கடையில் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவாள். அப்படி வந்த ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"வாப்பா, நான் ஒரு ஆளப்பத்தி உங்களுட்ட கதைக்கணும்."

ஆளின் பெயர் தாரிக். இங்கே பிறந்த வங்காளிப் பிள்ளை. கொம்பியூட்டர் வேலை. ஐவேளை தொழுகிற குடும்பம். அவள் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய தோளுக்கு மேலால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வளவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. அவள் ரயிலேறிப் போனதும் இறங்கி அடி வைத்து அளந்தேன். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினாறு.

3

நான் வேலை செய்யும் இடத்தில் பெலட் திருத்துகிறோம். லொறிகளில் சரக்கு அடுக்கி ஏற்றுகிற பலகைத் தட்டுக்கு இங்கே அந்தப் பெயர். உடைந்து வரும், ஆணி பிடுங்கிப் புதுப் பலகை அடித்து அனுப்புவோம். திருத்த முடியாததை ஒரு மூலையில் குவிப்பார்கள். மேற்பார்வை பார்க்கும் போலந்துக்காரரிடம், வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "விறகுக்கா?" என்றார். "மகளுக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எடுத்துப் போகச் சொன்னார். சனிக்கிழமைகளில் தன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கியும் விட்டார்.

ஐப்பசியில் தொடங்கி மாசி வரைக்கும் நான் அந்த வளவில்தான் இருந்தேன். நாலரை மணிக்கே இருட்டுகிற காலம். காலைவேலை முடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். பெலட் பலகை குட்டை. நீளத்துக்கு மூன்றைச் சேர்த்தால்தான் ஒரு சுவர் உயரம் வரும். சேர்த்த இடத்தில் மழை நிற்கும். நிற்காமல் இருக்கச் சரிவாகச் சீவ வேண்டும் என்பது இரண்டு சுவர் முடிந்த பிறகுதான் உறைத்தது. கழற்றிச் சீவி மறுபடி அடித்தேன்.

இன்னொரு பிழையும் விட்டேன். கட்டில் போடும் இடத்தை ஊரில் போடுவது மாதிரியே குறித்து, அதற்குத் தக்கபடி யன்னல் வெட்டினேன். ஒரு நாள் அந்த இடத்தில் நின்று அஸர் தொழத் திரும்பியபோதுதான் தெரிந்தது, அப்படிப் போட்டால் படுக்கிற பிள்ளைகளின் கால் தொழும் திசையான கிப்லாப் பக்கம் நீளும், அது கூடாது. ஊரில் கிப்லா மேற்கே. இங்கே தென்கிழக்கு. இத்தனை வருஷம் தொழுகிறேன், கட்டில் என்று வந்தபோது மனசு ஊர்த் திசைக்கே போயிருக்கிறது. யன்னலை அடைத்து மற்றச் சுவரில் புதிதாக வெட்டினேன்.

ராத்தா தினமும் போன் எடுப்பாள். நான் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்வேன். அவள் முகம் தெரியும். அவளுக்குப் பின்னால் அவளுடைய வீட்டு மண்டபத்தில் மின்விசிறி சுற்றும்.

"மாப்பிளை ஊட்டார் என்ன கேட்டாங்க தம்பி?"

"ஒண்டும் கேக்கல்ல."

"ஒண்டுமே கேக்கல்லயா? அப்ப ஆளுல ஏதும் பழுது இரிக்கிடா. நல்லா விசாரிச்சயா?"

"இங்க அப்பிடிக் கேக்கிற இல்ல ராத்தா."

"கேக்காட்டியும் குடுக்கிறதக் குடுக்கத்தானே வேணும். கூரை என்ன, ஓடா?"

"தார்ச் சீலை."

"அல்லாஹ்வே! மருமகன ஆட்டுப் பட்டியில வெக்கப் போறாய்."

அவள் சிரித்தாள். ஆனாலும் கூரையை உயரமாக வைக்கச் சொன்னாள். தாழ்ந்த கூரையில் வெக்கை இறங்கி மருமகன் இரண்டே மாதத்தில் தன் உம்மா வீட்டுக்கு ஓடிவிடுவான், இரண்டாவது மச்சான் அப்படித்தானே ஓடினார் என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. கூரையை ஒன்றரை அடி உயர்த்தினேன். காற்றுப் போக, கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். வெளியே உறைபனி விழுந்துகொண்டிருந்தது. நான் வெக்கைக்கு வழி பண்ணிக்கொண்டிருந்தேன்.

றிஸ்னா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து யன்னலால் பார்ப்பாள். "நல்லா வருது வாப்பா. உங்களுக்கும் பொழுது போகும்" என்பாள். தேத்தண்ணீர் ஊற்றி வெளியே கொண்டு வந்து தருவாள். ஒருமுறை உள்ளே வந்து நின்று, "இவ்வளவு பெரிசா!" என்றாள். சந்தோஷத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எந்த வாப்பாவும் மகளைக் கூப்பிட்டு, இது உனக்குக் கட்டுகிற வீடு என்று சொல்வதில்லை. கட்டிக்கொண்டிருப்பார், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், அதுவே சொன்ன மாதிரி.

4

அதிகாரி வருகிற நாளில் கதைப்பதற்கு றிஸ்னாவை லீவு எடுத்து வரச் சொன்னேன். எனக்கு இங்கிலீசு விளங்கும். வேலைத்தலத்தில் பேசுவேன். ஆனால் உறை அனுப்புகிறவர்களோடு பேசும்போது வாய் கட்டிப்போகும்.

வந்தது ஒரு இளம் பெண். றிஸ்னாவை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மழைக்கோட்டும் கையில் அளவு நாடாவும். மரியாதையான பிள்ளை. சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டது. வேலியிலிருந்து தூரம் அளந்தாள். கூரை உயரத்தை ஏதோ ஒரு கருவியால் அளந்தாள். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"வாப்பா, இது என்னத்துக்குக் கட்டின எண்டு கேக்கிறா" என்றாள் றிஸ்னா.

"சொல்லு மகள். மகளும் மருமகனும் இரிக்கிறதுக்கு எண்டு சொல்லு."

றிஸ்னா சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எந்த மகள்?"

"எனக்கு எத்தின மகள் இரிக்கி?"

அந்தப் பெண் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தாள். றிஸ்னாவின் கண் அறையைச் சுற்றியது. யன்னல், இரண்டு மின்சாரப் பொருத்து, குர்ஆன் வைக்க நான் உயரத்தில் அடித்த தட்டு, தரையில் கட்டிலுக்காகப் பென்சிலால் நான் கீறியிருந்த கோடு. அதெல்லாம் அவள் முன்பும் பார்த்ததுதான். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னாள். வாப்பாவுக்கு மரவேலை விருப்பம். சாமான் போட்டு வைக்க ஒரு கொட்டில். வேறொன்றும் இல்லை. அவள் வேகமாகச் சொன்னாலும் எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

அதிகாரி எழுதினாள். கூரைக்குக் கீழே இருந்த இடைவெளியைக் காட்டி, அது ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டாள்.

"வெக்கை போறதுக்கு" என்றேன்.

றிஸ்னா அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். நல்ல மனதோடு சிரித்த சிரிப்பு. றிஸ்னா சிரிக்கவில்லை.

கூரைதான் பிரச்சினை. வேலிக்கு இவ்வளவு கிட்டே இருந்தால் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று ஒரு அளவு இருக்கிறதாம். என் கூரை அதைவிட ஒன்றேகால் அடி கூட. ஒன்றில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டும். போவதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். றிஸ்னா அதை மெதுவாகச் சொன்னாள்.

"எப்பிடியெண்டாலும் இதுக்குள்ள ஆரும் படுக்க ஏலாதாம் வாப்பா."

பக்கத்து வீட்டு மேல் யன்னலில் திரை அசைந்தது. முறைப்பாடு செய்தது அவர்தானா என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக அவருடைய குப்பைத் தொட்டியும் என்னுடையதும் பக்கத்தில் நிற்கின்றன. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

5

குசினியில் வந்து இருந்தோம். அவள் கேத்தலைப் போட்டுவிட்டு அதற்கு முன்னாலேயே நின்றாள்.

"நாங்க இங்க வந்து இரிக்கிற எண்டு ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லணுமா?"

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே வாப்பா. அஞ்சு மாசம். அந்தக் குளிருக்குள்ள நிண்டு…"

"இதெல்லாம் புள்ளயளுட்டக் கேட்டுச் செய்யிற வேலயா?"

"தாரிக்ட உம்மா மேல் ரூமுக்கு பெயின்ட் அடிச்சி வெச்சிரிக்காங்க. அவங்க என்னக் கேட்டாங்க. நான்தான் கலர் சொன்ன."

அது எனக்குப் புதுச் செய்தி. நான் பலகை சீவிக்கொண்டிருந்த அதே நாட்களில் இவள் இன்னொரு வீட்டுச் சுவருக்கு நிறம் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப நீ போறயா?"

"போறன்தான் வாப்பா. என்ட வேலயும் அங்கதானே. அவருக்கும் அங்கதான் வேல. இங்க இருந்து எப்பிடிப் போய் வாற?"

"மாப்பிளைட ஊட்ட போய் இரிக்கப் போறாய்."

"இங்க எல்லாரும் அப்பிடித்தான்."

"ஆருமில்லாத புள்ளயளத்தான் அப்பிடிக் கூட்டிட்டுப் போவாங்க."

கேத்தல் கொதித்து நின்றது. அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

"நான் ஆருமில்லாத புள்ளயா? நீங்க இரிக்கீங்கதானே வாப்பா."

"நான் இரிக்கன். நீ இருக்க ஊடு இல்லயே."

"உம்மா இருந்திருந்தா உங்களுக்கு நல்லா ஏசிரிப்பாங்க" என்றாள். "அவங்க இஞ்ச வந்து எத்தின வருஷம் தனிய இந்த யன்னலப் பாத்துட்டு இருந்தாங்க எண்டு எனக்குத் தெரியும். நீங்க வேலைக்குப் போயிருவீங்க, நான் ஸ்கூலுக்குப் போயிருவன். தாரிக்ட ஊட்ட ஆக்கள் இரிக்காங்க வாப்பா. சத்தம் இரிக்கி. எனக்கு அது விருப்பம்."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளே தேத்தண்ணீர் ஊற்றி வைத்தாள். பெரிய அறைதான், அங்கே கட்டில் இன்னும் வாங்கவில்லை, நீங்கள் ஒன்று செய்து தாருங்கள் என்றாள். என்னை ஆற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று விளங்கியது. அளவு கேட்டேன்.

அன்று ராத்தாவிடம் சொன்னேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கட்டிலத் தூக்கிட்டு ஆராச்சும் போறதாடா? கட்டில் கிடக்கிற இடத்துக்குத்தானே மாப்பிளை வாற."

"இங்க இப்பிடித்தான் ராத்தா."

"ஊருக்கு நான் என்னத்தச் சொல்ற? எனக்கு ஊடு கட்டித் தந்தாய், தங்கச்சிமாருக்குக் கட்டிக் குடுத்தாய். பெத்த புள்ளய வெறுங்கையோட அனுப்புறான் எண்டு கதைப்பாங்களே."

"கதைக்கட்டும்."

"உனக்கென்ன, நீ அங்க இரிக்காய். கேக்கிறது நான்தானே" என்றாள். பிறகு, "சாப்பிட்டயா?" என்று கேட்டாள்.

6

கழற்றுவது என் தொழிலில் பாதி. கூரையிலிருந்து தொடங்கினேன். தார்ச் சீலையைச் சுருட்டினேன், கூரையைத் தாங்கிய வளைகளை இறக்கினேன், சுவர்களை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்தேன். அஞ்சு மாசம் கட்டியது நாலு நாளில் தரைக்கு வந்தது. ஒரு பலகையும் உடையவில்லை. சபைக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினேன். நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. அதுவும் வெள்ளை உறைதான்.

வளைகள் நல்ல மரம், அவற்றை மட்டும் நான் கடையில் வாங்கியிருந்தேன். அதில் கட்டில் செய்தேன். தலைப்பக்கத்துக்குத் தரைப் பலகையில் நேரான பத்துத் துண்டை எடுத்து இழைத்தேன். நாலு நாள் இழைத்தேன். இவ்வளவு வருஷத்தில் ஒரு பலகையை மழமழவென்று வருமட்டும் இழைத்தது அதுதான் முதல் தடவை. கொங்கிறீட் அதை மறைக்கப் போவதில்லை. மிச்சப் பலகையில் வெளியே போட்டு இருக்கிற நீள வாங்கு ஒன்றும் ஒரு மேசையும் அடித்தேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சிமெந்துத் தரை இருக்கிறது, வெயில் படும் என்று றிஸ்னா சொல்லியிருந்தாள்.

கலியாணக் காவின் அவர்களுடைய நகரத்துப் பள்ளிவாசலில் நடந்தது. பெண்ணுக்குப் பொறுப்பான 'வலி'யாக நான் இருந்து, என் மகளைத் தந்தேன் என்று அரபியில் சொன்னேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வாப்பா எழும்பி, மருமகனின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இங்கே சொல்லிவிட்டு ரயிலேறி வந்தேன். பெட்டியில் என்னோடு கால்பந்து பார்த்துவிட்டு வந்த பொடியன்மார் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய அணி வென்றிருந்தது. ஒருவன் எனக்கும் உருளைக்கிழங்குப் பொரியல் நீட்டினான். எடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் போலந்துக்காரரின் வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு போனேன். அவரே ஓட்டினார். தாரிக் தெருவில் காத்துக்கொண்டு நின்றான். என்னை 'அங்கிள்' என்பான். நல்ல பிள்ளை, பாரம் தூக்கத் தெரியாது. ஒடுங்கின படி. நான் கீழே, அவன் மேலே. "மெதுவா, மெதுவா" என்று றிஸ்னா எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேல் அறைச் சுவர் வெளிறின பச்சை. நல்ல நிறம்தான். துண்டு துண்டாகக் கொண்டு போனதை அங்கே வைத்துப் பூட்டினேன். தாரிக் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணி எண்ணிக் கையில் தந்தான். முடிந்ததும் அவன் அதில் ஏறிக் குதித்துப் பார்த்தான். "உனக்கென்ன பயித்தியமா, வாப்பா நிக்காங்க!" என்று றிஸ்னா தமிழில் கத்தினாள். அவனுக்கு விளங்கியது. இறங்கிவிட்டான். கட்டில் ஒரு முனகல் முனகவில்லை.

வாங்கைப் பின்னால் போட்டோம். தாரிக்கின் உம்மா வெளியே வந்து பார்த்தா. சின்ன உருவம், என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்து பக்கத்துப் பலகையைத் தட்டி என்னையும் இருக்கச் சொன்னா. நான் மறு முனையில் இருந்தேன். அவவுக்கு இங்கிலீசு என்னை விடக் குறைவு. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ ஏதோ கேட்டா. றிஸ்னா குசினிக்குள்ளிருந்து அதே பாஷையில் பதில் சொன்னாள். நாலைந்து சொற்கள்தான், தட்டித் தடுமாறித்தான். ஆனாலும் அது எனக்குத் தெரியாத பாஷை. அந்த மனிசி சிரித்து அவளைத் திருத்தினா. அவள் மறுபடி சொன்னாள்.

மீன் கறியும் சோறும் தந்தார்கள். எங்கள் சமையல் மாதிரியேதான், கடுகெண்ணெய் மணம் மட்டும் புதிது. எனக்கு வேறாக ஒரு மேசையில் விரிப்பு விரித்து, பூப்போட்ட பீங்கானில் வைத்தார்கள். மற்றவர்களுடைய பீங்கான் சாதாரணம். நான் தின்னும்வரை தாரிக்கின் உம்மா பக்கத்தில் நின்று கறி போட்டுக்கொண்டிருந்தா. போதும் என்று கை காட்டினாலும் போட்டா. இதைவிட ஒரு விருந்தாளியைக் கவனிக்க முடியாது.

போலந்துக்காரர் வேனை இயக்கிவிட்டு ஹோர்ன் அடித்தார். வாசலில் குந்தி சப்பாத்தைக் கட்டினேன். றிஸ்னா பக்கத்தில் நின்றாள். அந்த வீட்டுச் செருப்பு ஒன்றைப் போட்டிருந்தாள், அவளுடைய காலுக்கு ஒரு அளவு பெரிது.

ஊரில் கலியாணமான மகள் வீட்டுக்கு ஒரு வாப்பா எப்படிப் போவார் என்று நினைத்துப் பார்த்தேன். போவது என்று கூடச் சொல்ல முடியாது. வருவார், பானையைத் திறந்து பார்ப்பார், படுப்பார், எழும்புவார். நான் எழும்பி நின்று என் மகளிடம் கேட்டேன்.

"அப்ப, நான் இனி எப்ப வரலாம் மகள்?"

அவள் பதில் சொல்லுமுன் ஒருமுறை வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள். அங்கே தாரிக்கின் உம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தா.

"முந்தி போன்ல ஒரு கோல் எடுத்துட்டு வாங்க வாப்பா" என்றாள்.

"ஓம் மகள்" என்றேன். வேனில் ஏறினேன்.